ஊசி கேட்டு வரும் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: டி.ஃபார்ம் முடித்துவிட்டு ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். கடைக்கு எதிரே விளையாட்டு மைதானம், பின் தெருவில் இரண்டு ஜிம். "அக்கா, டெகா இருக்கா?", "டெஸ்ட் இருக்கா?" என்று அடிக்கடி பையன்கள் வருகிறார்கள். சீட்டு கேட்டால் சிரிக்கிறார்கள். போன வாரம் வந்தவன் கபடி ஆடுகிற பையன், பத்தொன்பது வயது இருக்கும். மாவட்ட அணித் தேர்வு வருகிறது என்றான். இல்லை என்று அனுப்பிவிட்டேன். முதலாளி, "நாம கொடுக்கலைன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கப் போறான், உனக்கென்ன வந்தது?" என்று திட்டினார். நான் செய்தது சரிதானா? நான் என்ன போலீசா? இதில் மருந்தாளுநரால் வேறு என்னதான் செய்ய முடியும்? பக்கத்து அரசுப் பள்ளியின் பி.டி. சார் மாணவர்களிடம் வந்து இதைப் பற்றிப் பேசச் சொல்கிறார். அங்கே என்ன பேசுவது?
(பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கொடுக்காமல் விட்டது சரி. அதில் சந்தேகமே வேண்டாம். முதலாளிக்கு என்ன சொல்வது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நாளைக் காலையிலும் நீங்கள் அதே கவுண்டரில்தான் நிற்க வேண்டும்.

நாண்ட்ரோலோன் (அவர்கள் கேட்கும் 'டெகா'), டெஸ்டோஸ்டிரோன் ('டெஸ்ட்') என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஆண் ஹார்மோன் வகையும் தசை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு வகையும் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஷெட்யூல் எச்' பட்டியலில் வருகின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டிரக் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து கொள்முதல் பில்லைப் புரட்டி, "இத்தனை ஆம்பூல் வந்திருக்கே, எந்தச் சீட்டுக்குப் போச்சு?" என்று கேட்டால் முதலாளி மட்டும் மாட்டமாட்டார். கடைக்குப் பொறுப்பு மருந்தாளுநராக உங்கள் பெயர் இருந்தால் நீங்களும் சேர்ந்தே மாட்டுவீர்கள். அவருக்குக் கடை சில நாள் மூடிக் கிடக்கும். உங்களுக்குப் பார்மசி கவுன்சில் பதிவுக்கே ஆபத்து. இதை அவரிடம் அமைதியாக, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். நியாயம் பேசினால் முதலாளிகள் கொட்டாவி விடுவார்கள். லைசென்ஸ் பற்றிப் பேசினால் நிமிர்ந்து உட்காருவார்கள். கூடவே ஒரு யோசனையும் சொல்லுங்கள்: இந்த ஊசிகளை ஸ்டாக்கில் வைக்கவே வேண்டாம், எலும்புத் தேய்மானம், ஹார்மோன் குறைபாடு என்று உண்மையான சீட்டு வந்தால் ஏஜென்சியில் சொல்லி மறுநாள் வரவழைத்துக் கொடுக்கலாம். கடையில் இல்லாத பொருளுக்கு யாரும் உங்களைத் திட்ட முடியாது.

சரி, இப்போது அந்தப் பையனுக்கு வருவோம். எனக்கு முதலாளியைவிட அவன்தான் முக்கியம்.

"இல்லை" என்ற ஒரு சொல்லோடு அவனை அனுப்பிவிட்டீர்கள். அடுத்து அவன் எங்கே போயிருப்பான்? பக்கத்துக் கடைக்குப் போயிருக்கலாம். அதைவிட, ஜிம்மில் பை வைத்திருக்கும் ஓர் 'அண்ணனிடம்' போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பையில் இருக்கும் குப்பியில் ஏதோ ஒரு வெளிநாட்டு லேபிள் ஒட்டியிருக்கும். உள்ளே அந்த மருந்துதான் இருக்கிறதா, பாதி அளவு இருக்கிறதா, வெறும் எண்ணெயா என்று ஒருவருக்கும் தெரியாது. அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் அவன் வாழ்க்கையில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசக்கூடிய, மருத்துவம் தெரிந்த ஒரே ஆள் நீங்களாகவே இருக்கக்கூடும். டாக்டரிடம் அவன் போகமாட்டான், வீட்டில் சொல்லமாட்டான். அதனால் மருந்தை மறுங்கள், பேச்சை மறுக்காதீர்கள். "இது சீட்டு இல்லாம தரமாட்டேன் தம்பி. ஆனா எதுக்குக் கேக்கறேன்னு சொல்லு, தெரிஞ்சதைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தாலே போதும். போலீஸ் வேலை உங்களுடையது இல்லை. யாரையும் பிடித்துக் கொடுக்கவும் வேண்டாம், பி.டி. சாரிடம் அவன் பெயரைச் சொல்லவும் வேண்டாம். சொன்னால் மறுநாளிலிருந்து அந்த மைதானத்தில் ஒருத்தன்கூட உங்கள் கடைப் பக்கம் தலைவைக்கமாட்டான்.

என்ன பேசுவது? ஈரல் கெட்டுவிடும், இதயம் நின்றுவிடும் என்று தொடங்காதீர்கள். பத்தொன்பது வயதில் ஈரல் யாருக்கும் நினைவில் இருக்காது. அவனுக்கு நினைவில் இருப்பது கபடி, அதன் வழியாக வரும் ரயில்வே வேலையோ போலீஸ் வேலையோ. அங்கிருந்தே தொடங்குங்கள்.

மாவட்டத் தேர்வில் யாரும் சிறுநீர் மாதிரி எடுக்கப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் அதோடு நின்றுவிட வேண்டும் என்றா ஆடுகிறான்? தேசியப் போட்டி, கேலோ இந்தியா என்று போனால் அங்கே நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) வந்து நிற்கும். "போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நிறுத்திட்டா தெரியாது" என்று ஜிம்மில் சொல்லியிருப்பார்கள். டெகா விஷயத்தில் இது சுத்தப் பொய். நாண்ட்ரோலோன் டெக்கனோயேட் எண்ணெயில் கரைத்த டிப்போ ஊசி. தசையில் தங்கி மெதுவாகக் கசியும். அதன் கழிவுப்பொருள் பல மாதம் கழித்தும் சிறுநீரில் அகப்படும். அனபாலிக் ஸ்டீராய்டு போட்டி நாளில் மட்டுமல்ல, வருடம் முழுக்கத் தடை. வேண்டுமென்றே எடுத்தது என்றால் நான்கு வருடம் ஆட முடியாது. பத்தொன்பதில் மாட்டினால் இருபத்து மூன்றில் திரும்பி வரலாம்; அதற்குள் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையெல்லாம் வேறு யாருக்கோ போயிருக்கும். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பாருங்கள், கேட்பான்.

இந்தியாவில் யாரும் மாட்டுவதில்லை என்று அவன் நினைத்தால் 2023ஆம் ஆண்டுக் கணக்கைச் சொல்லலாம். அந்த வருடம் நாடா எடுத்த 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. சீனா 28,000க்கும் மேல் மாதிரி எடுத்து 0.2 சதவீதத்தில் நின்றது. அதிக மாதிரிகள் எடுக்கும் நாடுகளில், மாட்டுகிற சதவீதத்தில் அந்த வருடம் நாம்தான் முதலிடம். பெருமைப்பட முடியாத முதலிடம்.

அதற்கப்புறம் உடம்பைப் பற்றிப் பேசலாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, 'போதுமான அளவு இருக்கிறது' என்று நினைத்து விதைப்பைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்குப் பூஜ்யமாகவே ஆகும். நிறுத்திய பிறகு திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கல்யாணமாகிக் குழந்தை இல்லையென்று கருத்தரிப்பு மையத்தில் உட்காரும்போதுதான் பலரும் பழைய ஊசிக் கதையை வெளியே எடுக்கிறார்கள். இன்னும் வளர்கிற வயதுப் பையன் என்றால் எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும். வர வேண்டிய உயரம் வராது. மார்பு பெருப்பது, முதுகெல்லாம் பரு, முடி கொட்டுவது, எரிச்சல் எல்லாம் இதோடு சேரும். பெண் பிள்ளைகள் கேட்டு வந்தால் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: கரகரத்துப்போன குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது.

ஏற்கெனவே போட ஆரம்பித்துவிட்டவன் என்றால் உங்கள் வேலை இன்னும் கொஞ்சம் நுட்பமானது. முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள், கடையிலேயே முடியும். அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள்: ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு அளவு, கல்லீரல், சிறுநீரகம். நல்ல கொழுப்பான எச்டிஎல் தரைமட்டத்துக்கு இறங்கியிருப்பதை ரிப்போர்ட்டில் தன் கண்ணாலேயே பார்ப்பது, நாம் சொல்லும் பத்துப் புத்திமதிக்குச் சமம். ஆனால் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கடுமையாக வெயிட் தூக்குகிறவனுக்கு, ஈரல் சோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தசையிலிருந்தே ஏறும். ஈரல்தான் காரணம் என்று பதற வேண்டாம், ஜிஜிடி என்ற இன்னோர் ஈரல் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தசை அதிகமுள்ளவனுக்கும், கிரியாட்டின் பவுடர் குடிக்கிறவனுக்கும், சிறுநீரகச் சோதனையில் வரும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். வாயில் போடும் ஸ்டானோசோலால், மெத்தான்டியனோன் வகை மாத்திரைகள்தான் ஈரலுக்கு ஊசியைவிட மோசம். 'ஊசிதான் ஆபத்து, மாத்திரை பரவாயில்லை' என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

நிறுத்தச் சொல்வதிலும் கவனம் வேண்டும். நிறுத்தியதும் சொந்த ஹார்மோன் திரும்பி வராத இடைவெளியில் சோர்வு, ஆசைக்குறைவு, மனச்சோர்வு வரும். சிலருக்குச் சாகலாம் என்ற எண்ணம்கூட வரும். அப்போதுதான் மறுபடி ஊசியைத் தேடுவார்கள். அதனால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கட்டாயம் அனுப்புங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்க் கேட்கலாம். சிரிஞ்சு மட்டும் கேட்டால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தோன்றும். என் கருத்து, சிரிஞ்சைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவன் ஊசியை விடப்போவதில்லை; நண்பன் போட்ட சிரிஞ்சில் போட்டுக்கொள்வான். ஹெப்பாடிடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அந்த வழியிலும் வருகின்றன. இதில் என்னோடு உடன்படாத மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள்.

ஊசியைப் பெயர் சொல்லிக் கேட்கிறவனைக் கண்டுபிடிப்பது சுலபம். கேட்காதவனைக் கண்டுபிடிப்பதுதான் கவுண்டர் அனுபவம். கட்டுமஸ்தான இளைஞன் டமாக்சிஃபென், லெட்ரோசோல், குளோமிஃபீன் கேட்கிறானா? முதல் இரண்டும் மார்பகப் புற்றுநோய் மருந்து, குளோமிஃபீன் கருத்தரிப்புக்கானது. இவன் மார்பு பெருக்காமல் இருக்கவும், 'சைக்கிள்' (சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுக்கும் சுற்று) முடித்தபின் விதைப்பையை எழுப்பவும் வாங்குகிறான். எச்சிஜி (கர்ப்பகால ஹார்மோன்) ஊசி கேட்டாலும் அதே கதை. சர்க்கரை இல்லாதவன் இன்சுலின் கேட்டால் உடனே நிறுத்திப் பேசுங்கள். சர்க்கரை இறங்கித் தூக்கத்திலேயே போய்விடலாம். ஆணழகன் போட்டிக்கு முந்தின வாரம் ஃப்ரூசமைடு கேட்பார்கள், தோலுக்கடியில் இருக்கும் நீரை வற்றவைக்க. அதில் பொட்டாசியம் இறங்கி இதயம் தாறுமாறாக அடிக்கும். இன்னொன்று மெஃபென்டெர்மின். ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் மயக்க ஊசி போடும்போது இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்க வைத்திருக்கும் மருந்து அது, ஸ்டீராய்டு கிடையாது. ஆனால் ஜிம் பைகளில் அதுவும் வந்துவிட்டது. யாரோ பின்தொடர்கிறார்கள், கொல்லப் பார்க்கிறார்கள் என்று பிதற்றும் நிலையில் இளைஞர்கள் மனநலப் பிரிவுக்கு வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்புறம், நம் ஊர் மெடிக்கல்களின் சொந்தப் பாவம் ஒன்று இருக்கிறது. "ஒல்லியா இருக்கான், சதை போட மாத்திரை குடுங்க" என்று அம்மாக்களே வருவார்கள். பசிக்கு சைப்ரோஹெப்டடின், கூடவே டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ ஒரு ஸ்ட்ரிப். பத்து நாளில் கன்னம் உப்பும், எல்லோருக்கும் சந்தோஷம். அது சதை இல்லை, நீரும் கொழுப்பும். இந்த வகை ஸ்டீராய்டு தசையை வளர்க்காது, கரைக்கும். எலும்பை மெலிய வைக்கும். மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆளே மயங்கி விழலாம். வாயிலோ ஊசியிலோ எடுத்தால் போட்டிக் காலத்தில் இதற்கும் தடை உண்டு. அதே நேரம் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கும் ஓட்டக்காரப் பெண் இதைக் கேள்விப்பட்டுப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. மூச்சில் இழுப்பதும் தோலில் தடவுவதும் அனுமதிக்கப்பட்டவை. அவளிடம் நீங்களே வலியப் போய்ச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்தே எடுப்பவர்கள் பற்றி. ஒரு மருந்தாளுநர் ஊக்கமருந்து விஷயத்தில் உண்மையிலேயே அதிகம் சாதிக்கக்கூடிய இடம், தெரியாமல் எடுப்பவர்கள் பக்கம்தான் என்று நினைக்கிறேன். அங்கே நீங்கள் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை, முதலாளிக்கும் நஷ்டமில்லை.

பிரித்வி ஷா உங்களுக்கு நினைவிருக்கும். 2019 பிப்ரவரியில், உள்நாட்டு டி20 போட்டியின்போது கொடுத்த மாதிரியில் டெர்பியூட்டலின் இருந்தது. இருமலுக்காகக் கடையில் வாங்கிய சிரப். கிரிக்கெட் வாரியம் அவர் சொன்ன விளக்கத்தை ஏற்றுக்கொண்டது, ஆனாலும் எட்டு மாதம் தடை. அதற்கு முன் யூசுஃப் பதானுக்கும் அதே டெர்பியூட்டலின், அதே இருமல் மருந்துக் கதை, ஐந்து மாதம். உங்கள் அலமாரியைத் திரும்பிப் பாருங்கள். டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ லெவோசால்பியூட்டமாலோ கலந்த சிரப் எத்தனை நிற்கிறது என்று. 'தெரியாமல் எடுத்தேன்' என்பதை ஊக்கமருந்து விதி சமாதானமாக ஏற்காது. உடம்பில் இருந்தால் விளையாட்டு வீரர்தான் பொறுப்பு. அதனால் இளவயது ஆள் யார் இருமலுக்கு, சளிக்கு, வலிக்கு என்று வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போட்டிகள்ல ஆடுறீங்களா?" ஆமாம் என்றால் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், ஆம்ப்ராக்சால் போல அனுமதி உள்ளதைப் பார்க்கலாம். ஆஸ்துமாக்காரருக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் ஓர் அளவுக்குள் சரி. அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ கூடாது. வலிக்கு டிராமடால் 2024லிருந்து போட்டிக் காலத்தில் தடை.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும். சோர்வாக இருக்கிறது என்று கிளினிக்கில் படுத்து 'குளுக்கோஸ் ஏத்திக்கொள்வது'. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எது ஏறினாலும், அது வெறும் சலைனாக இருந்தாலும், விதிமீறல். மருத்துவமனையில் முறையான சிகிச்சையின் பகுதியாக ஏற்றினால் மட்டும் விலக்கு. பாட்டில் வாங்க வருகிற பையன் ட்ராக் சூட்டில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.

பவுடர் டப்பாக்கள் பற்றியும் கேட்பார்கள். அவை மருந்துச் சட்டத்தில் வரவில்லை, உணவுப் பொருள் என்ற பெயரில் விற்கின்றன. டப்பாவில் எழுதாதது உள்ளே இருந்து மாட்டியவர்கள் உலகமெங்கும் உண்டு. 2010 காமன்வெல்த் போட்டியில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நம் பெண்கள் அணியில் அஷ்வினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கவுர் மூவரும் 2011இல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில் இருந்திருக்கும் என்றார்கள். இங்கே ஒரு வருடத் தடை போட்டார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாக்கியது. நேரு ஸ்டேடியமே எழுந்து நின்று கத்திய ஓட்டம் அது. அதைச் சாப்பிடுமுன் யாராவது அந்த டப்பாவை ஒரு மருந்தாளுநரிடம் காட்டியிருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

எல்லா மருந்தின் பெயரையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக வருகிறது. நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று காட்டும். தடை செய்யப்பட்ட மருந்து ஒருவருக்கு உண்மையிலேயே தேவை என்றால், சிகிச்சை விலக்கு கேட்டு நாடாவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. டாக்டரின் குறிப்புகள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் வேண்டும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பாகவாவது தொடங்கச் சொல்லுங்கள். ஜப்பானில் 2009லிருந்து இதற்கென்றே 'ஸ்போர்ட்ஸ் ஃபார்மசிஸ்ட்' என்று பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறார்கள். ஊரில் இருக்கும் வீரர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள். உங்கள் மைதானத்துக்கு நீங்கள் அப்படி ஆவதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாகப் பள்ளிக்கூடப் பேச்சு. அவசியம் போங்கள். ஆனால் கோரமான படங்களைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள், மருந்துகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லவே சொல்லாதீர்கள். ஞாபகம் வைத்திருந்து அவற்றைத்தான் தேடுவார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்கு 'அட்லஸ்' என்றொரு பயிற்சி நடத்தி, 1996இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டீராய்டின் கெடுதலோடு நிறுத்தாமல், என்ன சாப்பிட்டால், எப்படி வெயிட் தூக்கினால் தசை வளரும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டீராய்டு எடுக்கும் எண்ணமே அந்தப் பையன்களிடம் குறைந்தது. அதையே செய்யுங்கள். நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு முட்டையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? முட்டை, கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், பால், எட்டு மணி நேரத் தூக்கம்; இவற்றின் விலையையும் ஒரு பவுடர் டப்பாவின் விலையையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

முந்தின நாளே, வீட்டில் இருக்கும் இருமல் மருந்து, சளி மாத்திரை அட்டைகளை எடுத்து வரச் சொல்லி பி.டி. சாரிடம் சொல்லிவிடுங்கள். வகுப்பில் உங்கள் கைபேசியைக் கொடுத்து அவர்களையே செயலியில் ஒவ்வொன்றாகத் தேட விடுங்கள். அட்டையில் பெயர் கிழிந்துபோயிருந்தால் அது எந்த மருந்து என்று உங்களைத்தான் கேட்பார்கள்.